லாஸ் ஏஞ்சல்ஸில் நல்ல டாக்கோ ஏன் ரோட்டோரத்தில் நிற்கிறது?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு மெசேஜ். நம்ம லிஸனர் ஒருத்தர் மேற்படிப்புக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் போறாராம். "ப்ரோ, அங்க மெக்சிகன் சாப்பாடு வேற லெவல்னு சொல்றாங்க. எந்தக் கடைக்குப் போகலாம்?"னு கேட்டிருந்தார்.

நாலு கடைப் பெயரை டைப் பண்ணி அனுப்பியிருக்கலாம். வேலை விஷயமா நான் அந்த ஊரில் மூணு மாசம் இருந்திருக்கேன், சில பெயர்கள் தெரியும். ஆனா அந்த ஊரில் நல்ல மெக்சிகன் சாப்பாட்டில் பெரும்பகுதி கட்டடத்துக்குள்ளேயே இல்லை. லாரியில் இருக்கு, தள்ளுவண்டியில் இருக்கு, ராத்திரி ஏழு மணிக்கு மேல டயர் கடை வாசலில் போடுற மடக்கு மேஜையில் இருக்கு. ஏன் அப்படி? "ரோட்டுக்கடைன்னாலே டேஸ்ட் தனி"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம்தான். எனக்கு அது போதலை. யார் எங்கே அடுப்பு வைக்கலாம் என்பதில் அந்த ஊர் நூறு வருஷத்துக்கு மேலாகப் போட்ட சண்டைதான் இதற்குக் காரணம். அந்தச் சண்டை தெரிஞ்சா கடை தானாகக் கண்ணில் படும்.

முதலில் ஒரு விஷயம். லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகன் சாப்பாட்டை வெளியூர்ச் சாப்பாடு என்று சொல்வதே கொஞ்சம் வேடிக்கை. 1781 செப்டம்பரில் அந்த ஊரில் முதலில் குடியேறியவர்கள் 44 பேர். இன்றைய மெக்சிகோவின் சொனோரா, சினலோவா பகுதிகளிலிருந்து ஸ்பெயின் அரசு கூட்டி வந்த குடும்பங்கள். பெரும்பாலும் பழங்குடி, ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளியினர். 1821ல் மெக்சிகோ சுதந்திரம் அடைந்ததும் ஊர் மெக்சிகோவுக்குச் சொந்தமானது. 1848ல் போரில் தோற்ற மெக்சிகோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, கலிஃபோர்னியா மொத்தமும் அமெரிக்கா கைக்குப் போனது. அதாவது, அந்த ஊரில் சோளமாவு தட்டிக்கொண்டிருந்த பாட்டிக்கு ஒரு கையெழுத்தில் நாடு மாறிவிட்டது.

அடுத்த ஐம்பது வருஷத்தில் ரயில் வந்தது, கிழக்கிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்து குவிந்தார்கள், ஊர் பெருத்தது. பழைய ஊரின் நடுவில் இருந்த சதுக்கமும் அதைச் சுற்றிய தெருக்களும் மட்டும் மெக்சிகன் பகுதியாக மிஞ்சின. 1890களில் அங்கே ராத்திரியில் தமாலே வண்டிகள் வந்து நிற்கும். தமாலே என்றால் சோளமாவுக்குள் கறியோ மிளகாய்ச் சாந்தோ வைத்து, சோளக்கதிரின் மேல்தோலில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. நம்ம ஊர் இலைக் கொழுக்கட்டைக்குக் காரசாரமான தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். (பெயரைக் கேட்டதும் "பாத்தீங்களா, தமிழ்!"னு வாட்ஸ்அப்பில் கிளம்பிடாதீங்க. நவாட்டில் மொழியின் 'தமால்லி' அது. நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.)

நாடகம் பார்த்துவிட்டு வருபவர்கள், சாராயக்கடையிலிருந்து வருபவர்கள், ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் அந்த வண்டிகளில் சாப்பிட்டார்கள். நகரசபையோ அந்த வண்டிகளை ஒதுக்கவோ நேரத்தைக் குறைக்கவோ திரும்பத் திரும்ப முயன்றது. கூட்டம் சேருது, சத்தம், குப்பை என்று சாப்பிட்டுவிட்டுப் போன அதே ஊர்க்காரர்கள்தான் புகார் கொடுத்தார்கள். இந்தக் கதை முழுக்க இதே வரிசைதான் திரும்பத் திரும்ப வரும்: முதலில் சாப்பிடுவார்கள், அப்புறம் புகார், அப்புறம் சட்டம்.

இப்போ அந்தப் பழைய சதுக்கத்துக்கே போகலாம். இந்த எபிசோடில் எனக்கு ரொம்ப முக்கியமான இடம் இதுதான்.

1920களின் கடைசியில் அந்தப் பகுதி பாழடைந்து கிடந்தது. ஊரின் மிகப் பழைய வீடான, 1818ல் கட்டிய அவிலா வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிறிஸ்டீன் ஸ்டெர்லிங் என்ற பெண்மணி களத்தில் இறங்கினார். பணக்காரர்களிடமும் பத்திரிகை முதலாளியிடமும் பேசி ஆதரவு திரட்டினார். சிறைக்கைதிகளை வேலைக்கு விட்டுத் தெருவைச் சீரமைத்தார்கள். 1930 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஓல்வெரா தெரு ஒரு 'மெக்சிகன் சந்தை'யாகத் திறக்கப்பட்டது. பூப்போட்ட பாவாடை, கித்தார், பெரிய தொப்பி, மண்பானை, சுடச்சுட சாப்பாடு. சுற்றுலாப் பயணிகளுக்காகவே ஒரு குட்டி மெக்சிகோ. நான் கிண்டலுக்குச் சொல்லலை. அந்தப் பெண்மணி இல்லாவிட்டால் அந்த வீடு இன்றைக்கு இருந்திருக்காது. ஆனால் அங்கே வியாபாரம் பார்த்த மெக்சிகன் குடும்பங்கள், வேறொருவர் மனதில் இருந்த மெக்சிகோவைத்தான் உடுத்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அதற்குப் பத்து மாதம் கழித்து, 1931 பிப்ரவரி 26. அதே சதுக்கம். பிற்பகல் மூன்று மணி, வெயிலில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குடியேற்றத்துறை அதிகாரிகளும் போலீஸும் சதுக்கத்தின் வழிகளை அடைத்து, உள்ளே இருந்த சுமார் 400 பேரை வரிசையில் நிறுத்தி, காகிதத்தைக் காட்டு என்றார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலம்; வேலை இல்லாததற்குப் பழி போட ஆள் தேவைப்பட்டது. கைதானவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான். நோக்கமே பயமுறுத்துவதுதானே. அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி தன் செலவில் ரயில் பிடித்து மெக்சிகன் குடும்பங்களை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்ப ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்கா முழுக்க இப்படிப் போனவர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் பெரும்பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள் என்பதுதான் கொடுமை. கலிஃபோர்னியா இதற்காகச் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது 2005ல்.

ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சந்தை திறந்த தெருவுக்கும் ஆளைப் பிடித்த சதுக்கத்துக்கும் நடுவில் ஒரு நிமிட நடைகூட இல்லை. உங்க சாப்பாடு வேணும், பாட்டு வேணும், நீங்க வேண்டாம். இதை நான் சொந்தமா ஜோடிச்சுச் சொல்றேன்னு நினைச்சா, மூணாவது தேதி ஒண்ணு இருக்கு. 1932ல் அந்தத் தெருக் கட்டடம் ஒன்றின் மாடிச் சுவரில் ஓவியம் வரைய டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ் என்ற மெக்சிகன் ஓவியரை அழைத்தார்கள். கேட்டது என்னமோ பச்சைப் பசேல் என்று ஒரு வெப்பமண்டலக் காட்சி. அவர் வரைந்ததோ சிலுவையில் அறையப்பட்ட ஒரு பழங்குடி மனிதன், அவன் தலைக்குமேல் அமெரிக்கக் கழுகு. தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்குச் சில மாதங்களிலேயே வெள்ளையடித்தார்கள். சில வருஷத்தில் மொத்தத்துக்கும். அந்தச் சுவரைப் பாதுகாத்து மறுபடி மக்கள் பார்வைக்குத் திறந்தது 2012ல், சரியாக 80 வருஷம் கழித்து.

அந்தத் தெருமுனையில் 1934ல் ஆரோரா கெர்ரெரோ என்ற பெண் ஒரு சின்னக் கடை போட்டார். பெயர் சியெலிட்டோ லிண்டோ. மாட்டிறைச்சியைச் சோள ரொட்டியில் இறுக்கிச் சுருட்டி எண்ணெயில் பொரித்து, மேலே தண்ணியான அவகாடோ சாஸ் ஊற்றித் தருவார்கள். டாக்கீட்டோ. அந்தக் கடை இன்றைக்கும் இருக்கு. சுற்றுலாத் தலம்னு மூக்கைச் சுளிக்காம ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுங்க. மொறுமொறுன்னு பொரிச்சது மேல அந்தப் பச்சை சாஸ் ஊறுற அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள சாப்பிட்டாகணும்.

ஊருக்குள் மற்ற இடங்களில் என்ன நடந்தது? மெக்சிகன் என்ற சொல்லே ஓட்டல் பலகையில் ஓடாத காலம். சொனோராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் 1923ல் ஆரம்பித்து, பிறகு எல் சோலோ என்று புகழ்பெற்ற ரெஸ்டாரன்ட் தன்னை 'ஸ்பானிஷ் கஃபே' என்றுதான் சொல்லிக்கொண்டது. ஸ்பானிஷ் என்றால் ஐரோப்பா, கௌரவம். மெக்சிகன் என்றால் கூலி. ஒரே தட்டு, பெயர் மட்டும் வேறு.

அப்புறம் அந்த மணி அடிக்கிற கம்பெனி கதை. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சுமார் 95 கிலோமீட்டரில் சான் பெர்னார்டினோ. அங்கே 1937ல் லூசியா ரோட்ரிகெஸ் ஆரம்பித்த மிட்லா கஃபேயில் பொரித்த டாக்கோ பிரபலம். எதிரே ஹாட்டாக் கடை வைத்திருந்த க்ளென் பெல் அங்கே சாப்பிட்டுப் பார்த்து, செய்முறையைத் தெரிந்துகொண்டு, தன் கடையில் போட்டு, கடைசியில் 1962ல் டௌனி என்ற ஊரில் டாக்கோ பெல்லைத் திறந்தார். இன்றைக்கு நம்ம ஊர் மால் வரைக்கும் வந்திருக்கு. மிட்லா கஃபே அதே இடத்தில் ஒரே கடையாகத்தான் இன்னமும் இருக்கிறது. அந்த மொறுமொறு ஓடு பெல்லின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் இல்லை. ஹுவென்சியோ மால்டொனாடோ என்ற மெக்சிகன் ஓட்டல்காரர், டாக்கோவை மடித்த வடிவிலேயே பொரிக்கும் ஒரு கருவிக்கு நியூயார்க்கில் இருந்தபடி 1950லேயே பேட்டண்ட் வாங்கிவிட்டார். கோட் எழுதினவன் ஒருத்தன், ரிலீஸ் பண்ணி பேர் வாங்கினவன் இன்னொருத்தன். நம்ம துறையில பழகின கதைதான்.

நல்லது எது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கறியைப் பார்க்காதீர்கள், ரொட்டியைப் பாருங்கள். டார்ட்டியா. (எழுத்துக்கூட்டிப் படிச்சா 'டார்டில்லா'ன்னு வரும், ஸ்பானிஷ்ல அந்த ரெண்டு 'ல்' சேர்ந்தா 'ய'.) இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏன்னா இதுல கெமிஸ்ட்ரி இருக்கு.

காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால் மாவு ஒட்டாது, ரொட்டி தட்ட வராது. மெக்சிகோவின் பழங்குடிகள் சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்த வழி: சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கழுவி அரைப்பது. ஆமாம், வெற்றிலைக்குப் போடுகிறோமே, அதே சுண்ணாம்பு. அப்போது தோல் கழன்றுவிடும், மாவு சேர்ந்து பிடிக்கும், தனி வாசனை வரும். இந்தச் சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் நடக்கிறது: சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும் நிலைக்கு வருகிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளுக்குப் பெல்லக்ரா நோய். தோல் உரிந்து, புத்தி பேதலித்து, கடைசியில் சாவு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அதே கதை. கிருமியால் வருவது என்றுதான் பலர் நம்பினார்கள். சாப்பாட்டுக் குறைதான் காரணம் என்று 1914க்குப் பிறகு ஜோசஃப் கோல்ட்பர்கர் என்ற டாக்டர் படாதபாடுபட்டு நிறுவ வேண்டியிருந்தது. சுண்ணாம்புப் பானையில் சோளம் ஊறவைத்த எந்தப் பாட்டியும் இதற்குப் பேப்பர் எழுதவில்லை.

இப்போது இந்த ஊறவைத்து அரைக்கும் வேலைக்குப் பதில் ரெடிமேட் மாவு வந்துவிட்டது. 1949 முதல் மெக்சிகோவில் பெரிய அளவில் தயாராகிறது. தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் போதும். மட்டம் என்று சொல்ல மாட்டேன், பாக்கெட் இட்லி மாவில் வளர்ந்தவன் நான். ஆனால் கிரைண்டர் மாவு இட்லிக்கும் பாக்கெட் மாவு இட்லிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்னா, இந்த வித்தியாசமும் முதல் கடியிலேயே தெரியும். பாயில் ஹைட்ஸ் பக்கம் போனால், டார்ட்டியாவைக் கையால் தட்டி, கல்லில் போட்டு, அது உப்பி எழும்போது எடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. அந்த வாசனை, மழை பெய்த மண்ணும் வறுத்த சோளமும் கலந்த மாதிரி. அது வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு விதிவிலக்கு. கோதுமை டார்ட்டியா என்றாலே போலி என்று இணையத்தில் சில பேர் தீர்ப்பு சொல்வார்கள். நம்பாதீர்கள். வட மெக்சிகோவில், குறிப்பாக சொனோராவில், கோதுமைதான் பாரம்பரியம். அங்கிருந்து வந்தவர்கள் செய்யும் மெல்லிசான, பன்றிக்கொழுப்பு சேர்த்த டார்ட்டியா கிட்டத்தட்ட ரூமாலி ரொட்டி மாதிரி இருக்கும். சதுக்கத்துக்கு வடக்கே இருந்த பழைய மெக்சிகன் குடியிருப்புக்கே ஒருகாலத்தில் சொனோராடவுன் என்றுதான் பெயர். 2016ல் டவுன்டவுனில் திறந்த ஒரு சின்னக் கடை அதே பெயரை வைத்துக்கொண்டு அந்த டார்ட்டியாவைத்தான் போடுகிறது.

சரி, லாரி எப்போ வந்துச்சு? 1974ல் ராவுல் மார்ட்டினெஸ் என்பவர் ஒரு பழைய ஐஸ்கிரீம் வண்டியை மாற்றி, அதில் அடுப்பு வைத்து, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பார் வாசலில் நிறுத்தினார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அதுதான் கிங் டாக்கோ, பிறகு ஊர் முழுக்கக் கிளை. கடை வாடகை கொடுக்க முடியாத எத்தனையோ பேருக்கு அது வழி காட்டியது. லொன்செரா என்று அந்த லாரிகளைச் சொல்வார்கள்.

அந்த லாரிகள் பலவற்றில் ஒரு கம்பியில் செங்குத்தாகக் கறி சுற்றிக்கொண்டிருக்கும். பார்த்ததும் "அட, ஷவர்மா!"ன்னு சொல்வீங்க. சரியாகத்தான் சொல்வீங்க. ஓட்டோமான் ஆட்சிக்காலத்தில் லெபனான் பக்கத்திலிருந்து மெக்சிகோவுக்குப் பிழைக்க வந்தவர்கள், 1930களில் புவெப்லா நகரத்தில் இந்தக் கம்பியை நிறுத்தினார்கள். ஆட்டுக்குப் பதில் பன்றி வந்தது, மிளகாயும் அச்சியோட்டே விதையின் சிவப்பும் சேர்ந்தன, உச்சியில் அன்னாசி ஏறியது. டாக்கோ அல் பாஸ்டோர். பாஸ்டோர் என்றால் ஆட்டிடையர். ஆடு போய்விட்டது, இடையர் மட்டும் பெயரில் மிஞ்சியிருக்கிறார். அந்தக் கறிக்கூம்புக்குப் பெயர் ட்ராம்போ, அதாவது பம்பரம். மாஸ்டர் கத்தியால் ஒரு சீவு சீவ, அன்னாசித் துண்டு பறந்து வந்து டாக்கோவில் விழும். அந்தக் காட்சிக்காகவே கியூவில் நிற்கலாம்.

இங்கேயும் சட்டம் வந்தது. 2008ல் கவுண்டி ஒரு விதி போட்டது: டாக்கோ லாரி ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் குற்றம். அபராதம் 1,000 டாலர் வரை, அல்லது ஆறு மாதம் வரை சிறை. பார்க்கிங்குக்கு ஜெயில்! வாடகை கட்டும் ரெஸ்டாரன்ட் முதலாளிகளின் புகார் பின்னால் இருந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வாசலிலேயே ஒருவன் பாதி விலைக்கு விற்றால் யாருக்கும் எரியும். ஆனால் ஊர் கொதித்தது. கார்னே அசாடா குற்றம் அல்ல என்று டீ-ஷர்ட் அடித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். கார்னே அசாடா என்பது தணலில் சுட்ட மாட்டுக்கறி. அந்த ஆகஸ்டிலேயே நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கியெறிந்தது. அதே வருஷம் நவம்பரில் ராய் சோய் என்ற கொரிய-அமெரிக்க சமையல்காரரும் நண்பர்களும் கோகி என்ற லாரியை இறக்கி, கொரியக் கறியை டாக்கோவில் வைத்து, எங்கே நிற்கிறோம் என்று ட்விட்டரில் போட்டார்கள். திடீரென்று டாக்கோ லாரி ஃபேஷன் ஆனது. தப்புச் சொல்லலை. ஆனா முப்பது வருஷமா போலீஸைப் பார்த்து வண்டியை நகர்த்தினவங்களுக்கு அந்தக் கைதட்டல் எப்படிக் கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கொரியா என்றதும் ஞாபகம் வருது, கொரியாடவுனுக்குக் கண்டிப்பாகப் போங்க, ஒஹாக்கா சாப்பாட்டுக்காக. தென் மெக்சிகோ மாநிலமான ஒஹாக்காவிலிருந்து சாப்போடெக் போன்ற பழங்குடி மொழி பேசுபவர்கள் பெருமளவில் வந்து குடியேறியது அந்தப் பகுதியில். வீட்டில் சாப்போடெக், தெருவில் ஸ்பானிஷ், வேலையில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் கொரியன். அங்கே 1994ல் ஆரம்பித்த கெலகெட்சா என்ற ரெஸ்டாரன்ட் இருப்பதே முன்பு கொரிய ஓட்டலாக இருந்த, கூரை வளைந்த கட்டடத்தில்தான். அங்கே கருப்பு மோலே சாப்பிடுங்கள். மிளகாய்களைக் கருகும் அளவுக்கு வறுத்து, கொட்டைகள், மசாலா, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்த குழம்பு. அம்மி பழகின நாக்குக்கு அது அந்நியமா இருக்காது. மிளகாயே அவங்க ஊர்ச் சரக்கு. போர்த்துகீசியர் கப்பலில் வந்து, நம்ம மிளகோட பெயரை வாங்கிக்கொண்டு மிளகாய் ஆனது.

இந்த மாதிரி கடைகளை ஊருக்கு அடையாளம் காட்டியதில் ஜோனத்தன் கோல்டுக்குப் பெரிய பங்கு. 1980களின் தொடக்கத்தில் வேலைக்குப் போய் வரும் பீகோ சாலையில் உள்ள எல்லாக் கடையிலும் சாப்பிட்டே தீருவேன் என்று கிளம்பிய ஆள். 2007ல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் உணவு விமர்சகர். வெள்ளை மேஜைவிரிப்பு ரெஸ்டாரன்டுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை அவர் டாக்கோ லாரிக்கும் கொடுத்தார். 2024ல் மெர்காடோ லா பலோமா என்ற சந்தைக்குள் உள்ள ஹோல்போஷ் கடல் உணவுக் கடைக்கு மிஷெலின் ஸ்டார் கிடைத்தது. அது அவர் போட்ட பாதையில் வந்ததுதான் என்று எனக்குத் தோன்றும். 2018லேயே அவர் இறந்துவிட்டார்.

லாரிக்குக் கீழே இன்னொரு படி இருக்கு: நடைபாதை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நடைபாதையில் விற்பது 2017 வரை கிரிமினல் குற்றம். பழம் நறுக்கி விற்கும் பாட்டிக்கும், தமாலே பானையோடு நிற்கும் அம்மாவுக்கும் போலீஸ் கேஸ். டிரம்ப் 2016 தேர்தலில் ஜெயித்ததும் இந்தச் சின்னக் கேஸே நாடுகடத்தலுக்குச் சாக்காகிவிடும் என்ற பயம் வந்தது. 2017 ஜனவரியில் நகரசபை அதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுக்க வாக்களித்தது. 2019 முதல் மாநிலம் முழுக்கவும் குற்றமில்லை. ஆனால் லைசென்ஸ் வாங்கப் போனால், சுகாதார விதிப்படி வண்டிக்குள் இத்தனை சிங்க், இத்தனை உபகரணம் என்று ஒரு பட்டியல். அதையெல்லாம் பொருத்தினால் தள்ளுவண்டியைத் தள்ள முடியாது. அந்த விதிகளைத் தளர்த்த 2022ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. மேல் லேயரில் பர்மிஷன் கொடுத்துவிட்டு கீழ் லேயரில் பிளாக் பண்ணுவது நமக்குத் தெரியாததா.

2025 ஜூனில் குடியேற்றத்துறை ரெய்டுகள் மறுபடி அந்த ஊருக்கு வந்தன. நடைபாதை வியாபாரிகளையும் பிடித்துப் போனார்கள். ஆள் இல்லாமல் தெருவில் நின்ற வண்டிகளின் படங்கள் வந்தன. பல வாரம் பல முனைகளில் அடுப்பு எரியவில்லை. பயந்துபோய் வீட்டுக்குள் இருந்தவர்களுக்காக அக்கம்பக்கத்தவர் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். சிலர் மொத்தச் சரக்கையும் வாங்கிக்கொண்டு, நீங்க வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவைத்தார்கள். ஆகவே தம்பி, நான் சொல்ற கடை நீங்க போறப்போ அந்த முனையில இல்லைன்னா, காரணம் வியாபாரம் படுத்ததா மட்டும் இருக்காது.

அதனால் பெயருக்குப் பதில் இதை வச்சுக்கோங்க. லாரியில் ஊர்ப் பெயரோ மாநிலப் பெயரோ எழுதியிருந்தால் நில்லுங்க: ஹலிஸ்கோ, புவெப்லா, சினலோவா. மெனு நீளமா இருந்தா நகர்ந்துடுங்க, ரெண்டே ரெண்டு ஐட்டம் போடுறவர் அதில் கைதேர்ந்தவர். பார்பகோவா மாதிரி ராத்திரியெல்லாம் வேகுற கறி சனி, ஞாயிறு காலையில்தான், பதினோரு மணிக்குத் தீர்ந்துடும். அசாடா மாடு, பாஸ்டோர் பன்றி. சைவம்னா உஷார்: பீன்ஸில்கூடப் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், 'மாந்தேகா?'ன்னு கேட்டுக்கோங்க. பூசணிப்பூ கெசடியா, கள்ளி மடல் டாக்கோ கிடைக்கும், ரெண்டும் அருமை. சில்லறை டாலர் கையில வச்சுக்கோங்க. போலீஸ் கெடுபிடி இருக்கிற நேரத்துல வியாபாரியோட முகத்தை வீடியோ எடுத்து லொக்கேஷனோட ரீல்ஸ் போடாதீங்க.

"கோன் தோதோ?"ன்னு கேட்பாங்க. வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் போடவான்னு அர்த்தம். "சீ"ன்னு சொல்லிட்டு, எலுமிச்சையை நீங்களே எடுத்துப் பிழிஞ்சுக்கோங்க.